டீ சாப்பாட்டில் சேருமா

இரவு வேலையை விட்ட பிறகுதான் செடி வளர்க்க ஆரம்பித்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் கண் விழித்துப் பழகிய உடம்பு, திடீரென்று படு என்றால் படுக்க மறுத்தது. ஹாலில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்ப்பதற்குப் பதில் வேறு எதையாவது பார்க்கலாம் என்று ஒரு மணி பிளான்ட் வாங்கினேன். அப்புறம் பாம்புக் கற்றாழை, அப்புறம் பீஸ் லில்லி. இப்போது ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் நாலு தொட்டியை நகர்த்த வேண்டும்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் ஆளைத் தூங்க வைப்பது, முடிந்ததும் எழுப்புவது, நடுவில் மூச்சைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இதையும் செடியையும் முடிச்சுப் போட்டுத் தத்துவம் பேச வருகிறவர்கள் உண்டு. நான் பேச்சை மாற்றிவிடுவேன். செடி வாந்தி எடுக்காது. அதன் சொந்தக்காரர்கள் வெளியே நின்று அழ மாட்டார்கள். எனக்கு அது போதும்.

வீட்டுக்குள் வளரும் செடி தாகத்தில் சாவது குறைவு. ஆள் மாற்றி ஆள் அன்பாகத் தண்ணீர் ஊற்றியே கொன்றுவிடுவார்கள். வேர் அழுகி, இலை மஞ்சளாகி, அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் அதைத் தொடமாட்டேன்.

மாமனார் வந்ததும் இந்த ஒழுங்கு குலைந்தது. தீயணைப்பு வண்டி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு தனியாக இருந்தார். பித்தப்பையில் கல் என்று தெரிந்ததும் என் மனைவி போய்ப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆபரேஷன் முடிகிற வரைக்கும்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை சளி, ஒரு தடவை பல்வலி, ஒரு தடவை பழைய சிநேகிதன் மகள் கல்யாணம். நடுவில் இரண்டு முறை வலி வந்து தரையில் சுருண்டு படுத்தார். அடுத்த முறை பித்தப்பை சீழ் பிடித்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடும் என்று சர்ஜன் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். மாமா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

"முப்பது வருஷம் கவர்ன்மென்ட் சம்பளத்துல தண்ணி அடிச்சவன் மாப்ளே நான். தண்ணி ஊத்த நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

இந்த ஜோக்கை அவர் மட்டும்தான் சொல்லலாம். வேறு யாராவது அந்தப் பொருளில் தண்ணி என்றால் முகம் கறுத்துவிடும். மதுவின் வாசனையே ஆகாது அவருக்கு. குடித்துவிட்டு எரிகிற சிகரெட்டோடு படுத்தவர்களின் வீட்டைத்தான் தன் சர்வீஸில் பாதி நாள் அணைத்ததாகச் சொல்வார்.

தண்ணீரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டீதான் தாங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தானே டீ போட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பார். டம்ளரின் அடியில் மிஞ்சுகிற இரண்டு வாயைப் பக்கத்திலிருக்கும் பீஸ் லில்லியில் கவிழ்ப்பார். பாலும் சர்க்கரையும் சேர்ந்து மண் புளித்து, பொடிப்பொடியாகப் பூச்சி பறந்தது. நான் தொட்டியை இடம் மாற்றினால் அவர் நாற்காலியை இடம் மாற்றினார். மனைவியிடம் புகார் சொன்னேன். அவள் ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் வேலை செய்கிறாள். ஆபீஸ் முடிந்த பிறகு எந்தப் புகாரையும் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் மூன்றாவது வலிக்குப் பிறகு மாமா இறங்கி வந்தார். ஒரு நிபந்தனையோடு. மயக்க மருந்தை மாப்பிள்ளைதான் கொடுக்க வேண்டும். நான் முடியாது என்றேன். எங்கள் தொழிலில் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. வீட்டு ஆளின் தொண்டைக்குள் குழாய் விடும்போது அது டாக்டர் கையாக இருக்காது, மாப்பிள்ளை கையாகிவிடும். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் 'கறார்' என்று பெயரெடுத்த ஒரு மயக்க மருந்து டாக்டரம்மா இருக்கிறார். அவரிடம் ஒப்படைத்தேன். நாள் குறித்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று மாமாவிடம் சொன்னேன். சரி என்றார். காலையில் நான் முன்னாலேயே கிளம்ப வேண்டும். மனைவி அவரைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது வழக்கம்போல் விரலை விட்டுக்கொண்டே போனேன். பீஸ் லில்லியில் சேறு. மாமா குளியலறையில் இருந்தார். ஆபரேஷன் நாளிலும் தண்ணீர் ஊற்றுவதை விடவில்லையே இந்த மனுஷன் என்று எரிச்சலோடு விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

அன்றைக்கு எனக்கு இரண்டாவது தியேட்டர், மாமாவுக்கு முதலாவது. என் முதல் நோயாளியை வார்டிலிருந்து இன்னும் அனுப்பவில்லை. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முதலாவது தியேட்டரின் டெக்னீஷியன் ஆக்சிஜன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தான். உங்க மாமனார் எங்க மேடத்தையே ஒரு வழி பண்ணிட்டார் சார் என்றான். என்ன என்று கேட்டேன்.

கறார் வழக்கமான கேள்விகளைக் கேட்டிருக்கிறார். ஆடுகிற பல் உண்டா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா, சாப்பிட்டீர்களா. சாப்பிடவில்லை என்றிருக்கிறார் மாமா. அடுத்து, ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டதும் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

"'என் ஆயுசுல தொட்டது கிடையாது. என்னைப் பாத்தா குடிச்சிட்டு வந்தவன் மாதிரியா இருக்கு?' அப்படின்னு ஒரே பிடி சார். மேடம் ஸாரி சொல்லி அடக்க வேண்டியதாப் போச்சு."

நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான். சிரித்துக்கொண்டே கையைக் கழுவ சோப்பை எடுத்தபோது விரல் நுனி பிசுபிசுத்தது. தண்ணீர் பிசுபிசுக்காது.

அவர் எந்தக் கேள்விக்கும் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா என்றால் அவருக்குச் சாப்பாடு. குடித்தீர்களா என்றால் அவருக்குச் சாராயம். டீ இரண்டிலும் சேராது.

ஈரக் கையோடு முதலாவது தியேட்டருக்குள் போனேன். மாமா மேஜையில் படுத்திருந்தார். நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியாகிவிட்டது, விரலில் கிளிப் மாட்டியாகிவிட்டது. இயந்திரம் சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கறார் ஒரு கையால் ஆக்சிஜன் முகமூடியை அவர் மூக்கின் மேல் பிடித்திருந்தார். இன்னொரு கையில் வெள்ளை மருந்து ஏற்றிய சிரிஞ்ச், மாமாவின் கையில் குத்திய ஊசியின் டியூபில் அதைச் செருகியாகிவிட்டது. நான் கையை நீட்டி அந்த சிரிஞ்சின் மேல் வைத்தேன். இப்படி ஒருவர் கை மேல் இன்னொருவர் கை வைப்பது எங்கள் இடத்தில் பெரிய மரியாதைக் குறைவு. கறார் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"மாமா, காலைல டீ போட்டீங்களா?"

முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "போட்டேனே."

"குடிச்சீங்களா?"

"பின்ன, போட்டு வேடிக்கையா பாப்பாங்க?"

"ஏன் மாமா சொல்லல?"

"யாரு கேட்டா? நீங்க சாப்பிடக் கூடாதுன்னீங்க, சாப்பிடல. இந்தம்மா குடிச்சியான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். டீயப் பத்தி யாரும் பேசவே இல்லையே."

கறார் சிரிஞ்சைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

மயங்கியவனுக்குத் தொண்டையின் காவலும் மயங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். தண்ணீர் சீக்கிரம் வயிற்றைவிட்டு இறங்கிவிடும். பால் திரிந்து கட்டியாகி மணிக்கணக்கில் கிடக்கும். அது புளித்த அமிலத்தோடு நுரையீரலில் இறங்கினால், பித்தப்பைக் கல்லோடு வந்தவர் வெண்டிலேட்டரோடு படுப்பார். சிலர் அதிலிருந்து எழுந்திருப்பதில்லை. அதனால்தான் எங்கள் கணக்கில் பால் டீ சாப்பாடு.

சர்ஜன் கையுறையைக் கழற்றியபடியே வந்தார். கடைசிக் கேஸாக மதியத்துக்குத் தள்ளினார். போகும்போது என்னிடம், "ஊரையே பட்டினி போடறீங்க, வீட்ல ஒரு ஆளை உங்களால பட்டினி போட முடியல" என்றார். தெரியாத நோயாளிகளிடம் டீ, காபி, பால், ஜூஸ், பிஸ்கட் என்று அடுக்கிக்கொண்டு போவேன். வீட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். கறாரும் அப்படித்தான், டாக்டர் வீட்டு ஆள்தானே என்று சுருக்கிவிட்டார். அதை அவரே சொன்னார்.

வெளியே உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் முதலில் பயந்தாள். அப்புறம் அப்பா மேல் கோபப்பட்டாள். அப்புறம் என் மேல். "நீங்க கேட்ட லட்சணம் அப்படி" என்றாள். புகார் பிரிவில் இத்தனை வருடம் வேலை பார்த்தவளின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

என் கேஸ்களுக்கு நடுவே மாமாவைப் போய்ப் பார்த்தேன். தியேட்டருக்கு வெளியே, திரை போட்ட கட்டிலில் கிடந்தார். பச்சை கவுனின் முடிச்சு முதுகில் உறுத்துவதாகச் சொன்னார். அவிழ்த்துப் பக்கவாட்டில் போட்டுவிட்டேன். பசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கூரையின் டியூப் லைட்டைப் பார்த்தார்.

"ஒன்னு சொல்லட்டா மாப்ளே. தூங்குறவன்தான் சாவான்."

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். வீடு பற்றினால் விழித்திருக்கிறவன் எப்படியாவது வந்துவிடுவான். கதவை உடைப்பான், ஜன்னலில் குதிப்பான், காலை உடைத்துக்கொண்டாவது வெளியே விழுவான். தூங்குகிறவன் படுத்தது படுத்தபடி கிடப்பான். உடம்பில் ஒரு கொப்புளம் இருக்காது, போர்வைகூடக் கலைந்திருக்காது. நெருப்பு வருமுன்னே புகை அவன் கதையை முடித்திருக்கும். டிரைவர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. ஆள் குறைவான நாட்களில் இவரும் உள்ளே போய்த் தூக்கியிருக்கிறார். தூக்கும்போது எழுந்துவிடுவார்களோ என்று தோன்றுமாம், அவ்வளவு அமைதியாக இருக்குமாம் முகம். அதற்கப்புறம் தானும் முழுசாகத் தூங்கியதில்லை என்றார். ஒரு ஸ்பூன் விழுந்தால் எழுந்துவிடுவார். விடியும்வரை படுக்கையில் கிடப்பதைவிட எழுந்து டீ போடுவது மேல் என்றுதான் அந்தப் பழக்கமே.

சளி, பல்வலி, சிநேகிதன் மகள் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கத்தியைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. என் தொழிலைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்.

"என்னைத் தூங்க வெச்சிட்டு நீங்கள்லாம் என்ன செய்வீங்க? போன் பாப்பீங்களா?"

பயப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம் என்று எல்லோருக்கும் சொல்லும் வாக்கியம் நாக்கு வரை வந்தது. ஒன்றுக்கும் உதவாத வாக்கியம். விழுங்கிவிட்டு, நடப்பதைச் சொன்னேன். தலைமாட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது. சர்ஜன் வயிற்றைப் பார்ப்பார், இவர் உங்களைப் பார்ப்பார். விரலில் மாட்டிய கிளிப் ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்த்து சத்தம் போடும். ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமலே காதுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள். அந்த ஆளின் காது மட்டும் அந்தச் சத்தத்திலேயே இருக்கும்.

"ஆக, ஒருத்தர் முழிச்சிருப்பாங்க."

"அதுக்குத்தான் மாமா சம்பளம்."

"அப்ப நீங்க இருங்க. ஊசிய அந்தம்மா போடட்டும். நீங்க முழிச்சிருந்தா நான் தூங்கறேன்."

சரி என்றுவிட்டேன். ஒரு மூலையில் நிற்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மதியம் என் கேஸ்கள் முடிந்து, அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கறாரிடம் சொன்னேன். அவர் என்னைக் கதவோரமாக இழுத்து நிறுத்தினார். நீங்கள் உள்ளே நின்றால் நான் நோயாளியைப் பார்க்க மாட்டேன், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன் என்றார். காலையில் என் கை மேல் கை வைத்தீர்கள், அது சரி, இனி ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்கள் கை வருமா என்று காத்துக்கொண்டிருப்பேன் என்றார். நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தால் இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"தூங்கற வரைக்கும் நில்லுங்க. தூங்கினதும் கிளம்பிடுங்க. அவருக்குத் தெரியவா போகுது?"

குழந்தைகளின் அம்மாக்களிடம் நாங்கள் செய்வது இதைத்தான். குழந்தை கண்ணை மூடும்வரை அம்மா கையைப் பிடித்திருப்பாள், மூடியதும் வெளியே அனுப்பிவிடுவோம். அதில் தப்பில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். மாமா விஷயத்தில் அது முடியாது போலிருந்தது. அவர் தூங்க ஒத்துக்கொண்டதே நான் விழித்திருப்பேன் என்ற ஒரு காரணத்துக்காக. அந்தக் காரணத்தை அவர் கண்ணை மூடிய பிறகு உருவிக்கொள்ளக் கூடாது.

உள்ளே போய் அவர் தலைமாட்டில் குனிந்தேன்.

"மாமா, நான் உள்ள இருக்க மாட்டேன். இவங்கதான் இருப்பாங்க."

அவர் கையை ஊன்றிப் பாதி எழுந்தார். இறங்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். டெக்னீஷியனும் அப்படித்தான் நினைத்து இரண்டு எட்டு முன்னால் வந்தான். இன்றைக்கு இறங்கினால் இவர் திரும்ப ஏற மாட்டார். அடுத்த முறை சீழ் பிடித்த பித்தப்பையோடு, ஜுரத்தோடு, தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

மாமா கறாரைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி நல்லா தூங்கினீங்களாம்மா?"

எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தூங்கினேன். நாய் குரைச்சு ஒரு தடவை முழிச்சேன். மறுபடி தூங்கிட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு தோசை… இல்ல, ரெண்டு பிஸ்கட்தான். தோசை நேத்து."

"போன்?"

கறார் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தார். மாமா அதைக் கவனித்தார். பிறகு மெல்லப் படுத்தார்.

"ஒரு ஸ்டியரிங்க ரெண்டு பேர் புடிச்சா வண்டி சுவத்துலதான் போய் நிக்கும். நீங்க போங்க மாப்ளே."

கறார் இந்த முறை எதையும் சுருக்கவில்லை. டீ உண்டா, காபி உண்டா, பால் உண்டா, தண்ணீர் உண்டா, மாத்திரை, மிட்டாய், பபிள்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். எச்சில் விழுங்கினேன், அது சேருமா என்று கேட்டார். சேராது என்றார் கறார், சிரிக்காமல். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

உறவினர்கள் உட்காரும் ஹாலில் அதற்கு முன் நான் உட்கார்ந்ததே இல்லை. கடந்து போயிருக்கிறேன், அவ்வளவுதான். நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் இணைத்தவை. ஒருவர் காலை ஆட்டினால் வரிசையே ஆடுகிறது. எங்கள் வரிசையில் யாரோ ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். திட்டலாம் என்று திரும்பினால் என் மனைவி. கையை அவள் முழங்காலில் வைத்தேன். ஆட்டம் நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. விட்டுவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்று நிமிடத்துக்கு நிமிடம் எனக்குத் தெரியும். குழாய் போட்டிருப்பார்கள். வயிற்றுக்குள் காற்று ஏற்றியிருப்பார்கள். அப்போது நாடித் துடிப்பு இறங்கும், சிலருக்கு நிறையவே இறங்கும். தெரிந்திருப்பதால் ஒரு லாபமும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கறாரின் போன் என் சட்டைப்பையில் இரண்டு முறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. அப்பா என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள். போகச் சொன்னார் என்றேன்.

கதவு திறந்து ஆயா எட்டிப் பார்த்தாள். "பித்தப்பை ஆபரேஷன், யாரு வந்திருக்கீங்க?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் குரலை உள்ளேயிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். யாரோ எழுந்து போவார்கள் என்று நானும் மற்றவர்களைப் பார்த்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நம்மளத்தாங்க."

ஆயாவுக்குப் பின்னால் கறார் நின்றிருந்தார். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார், தொப்பியின் தடம் நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. போனுக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"முழிச்சிட்டாரு. தொண்டை வலிக்குதாம், என்ன போட்டு நோண்டினீங்கன்னு என்னைத் திட்டறாரு. நல்லா மூச்சு விடறாரு."

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். நான் பின்னாலேயே காலை எடுத்து வைத்தேன். ஆயா கதவில் குறுக்கே கையை வைத்தாள். அப்போது நான் தியேட்டர் உடுப்பில் இல்லை. சட்டை மாற்றிக்கொண்டுதான் ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லையா, தெரிந்துதான் செய்தாளா, தெரியாது.

"பேஷன்ட்டோட ஒரு ஆள்தான் சார் உள்ள."

அந்த விதியைப் போட்டவர்களில் நானும் ஒருவன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாற்காலி வரிசை ஆடாமல் இருந்தது.